வயிறு என்று சொன்ன வாய்

நான் எழுதினா கோணல்மாணலாத்தான் இருக்கும். பந்திங் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்புவரைக்கும்தான் படிச்சேன், அதுக்கப்புறம் பால்மரம் வெட்டப் போயாச்சு. இப்ப நாலு வரி எழுதறதுக்குள்ள முதல் வரி மறந்து போயிடுது. எங்க தப்பு இருந்தாலும் பொறுத்துக்குங்க. நம்ம விளக்குப் பூசைக் குழுத் தலைவி அக்கா, "கோயில் ஆண்டு மலருக்கு நீங்க எழுதியே ஆகணும்"னு மூணு வாரமா விடல. நான் குழுவுல வாய் திறந்து பேசினவளே இல்ல. பின்வரிசையில உட்கார்ந்து திரி திரிச்சுக் குடுப்பேன். அதனாலதான் என்னை எழுதச் சொல்றாங்களோ என்னமோ.

கோயில்ல இருக்கிற நம்ம அம்மா எங்க வீட்டுக்குச் செஞ்சதைச் சொல்றேன்.

போன வருஷம் ஆடி மாசம் பிறக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடி. என் மகன் குணசேகரனை உங்க எல்லாருக்கும் தெரியும், குணான்னு கூப்பிடுவோம். கடைசிப் பிள்ளை. முப்பத்தொரு வயசு, கல்யாணம் ஆகல. போர்ட் கிள்ளான்ல ஒரு கிடங்குல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறான். காலையில ஏழு மணிக்குப் போனா நாலு மணிக்கு வந்துடுவான். என் வீட்டுக்காரர் தவறி ஒன்பது வருஷம் ஆச்சு. மகள் பந்திங்ல குடும்பமா இருக்கா. கிள்ளான் ஃபிளாட்டுல நானும் அவனும்தான்.

அன்னைக்கு அவன் வேலை விட்டு வந்து குளிக்கப் போயிருந்தான். மடிச்ச துணியை வைக்கலாம்னு அவன் ரூமுக்குப் போனேன். கட்டில்ல அவன் போன்ல வீடியோ தானா பேசிக்கிட்டு இருந்துச்சு. ஒரு டாக்டர், நல்ல தமிழ்ல பேசறாரு. நான் பாட்டுக்குத் துணியை அடுக்கிக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் அந்தச் சொல் காதுல விழுந்துச்சு. விதை. ஆம்பிளைங்க விதையில கட்டி வந்தா என்ன செய்யணும்னு சொல்றாரு. வலி இல்லாத கட்டின்னா அதைத்தான் உடனே காட்டணும், சின்ன வயசுக்காரங்களுக்குத்தான் அதிகம் வரும்னு சொன்னாரு. அது முடிஞ்சதும் இன்னொரு டாக்டர் வந்தாரு. அவரும் அதையேதான் பேசினாரு.

இந்த ஒரு சொல்லை எழுதறதுக்கு எனக்கு அஞ்சு நாள் ஆச்சு. எழுதிட்டேன். இனிமே தடுமாற மாட்டேன்.

கையில இருந்த துணியோட அப்படியே நின்னேன். குளியல் ரூம்ல தண்ணி நின்ன சத்தம் கேட்டுது. துணியை வைக்காம எடுத்துக்கிட்டே வெளியே வந்துட்டேன். அவன் துண்டோட வந்து, "என்னம்மா, என் சட்டையெல்லாம் ஊர்வலம் போகுதா?"ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

அதுக்கப்புறம் அவனைப் பார்க்கிற பார்வையே மாறிப்போச்சு. சாப்பாட்டுல பாதியை ஒதுக்குறான். வேலை முடிஞ்சு ஃபுட்சால் விளையாடப் போறவன் போகறதில்ல. கேட்டா, "காலு சரியில்ல லா, மா"ன்னான். தாய் பிள்ளையைக் குளிப்பாட்டி வளர்த்தவதான். ஆனா முப்பத்தொரு வயசு ஆம்பிளைகிட்ட எந்தத் தாய் இதைக் கேட்பா? அவங்கப்பா இருந்தா கேட்டிருப்பாரு. மருமகன்கிட்டச் சொல்லலாம்னு மகளுக்குப் போன் போட்டேன். அவ எடுத்ததும், "நெத்திலிக் கருவாடு இருக்கு, அனுப்பவா?"ன்னு கேட்டுட்டு வச்சுட்டேன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி அம்மாகிட்டப் போறதுதான். உடம்புல எந்த இடம் நோவோ அந்த இடத்தை வெள்ளித் தகட்டுல வாங்கி அம்மா காலடியில வைக்கிறது நம்ம வழக்கம். கண் வலிக்குக் கண்ணு, கால் வலிக்குக் காலு. என் முட்டிக்கு நானே ரெண்டு தரம் வச்சிருக்கேன். ஆனா இதைக் கிள்ளான் கடையில எப்படிக் கேட்பேன்? அங்க எல்லாரும் என்னை, "என்ன ஆன்டி, குணா நல்லா இருக்கானா?"ன்னு கேட்பாங்க. அதனால ஆடி முதல் வியாழக்கிழமை, அவன் வேலைக்குப் போனதும் கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். என்னை யாருக்கும் தெரியாத ஊருக்குப் போயும் தலையில முந்தானை வேற.

பூசைச் சாமான் கடையில ஒரு அண்ணே இருந்தாரு. கண்ணாடித் தட்டுல தகடுங்களைப் பரப்பினாரு. கண்ணு, காது, கை, காலு, வயிறு, நெஞ்சு, தொட்டில், வீடு. நான் தேடினது இல்ல. இருக்கவும் இருக்காதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கண்ணு ரெண்டு தரம் தட்டைச் சுத்தி வந்துச்சு.

"யாருக்கு ஆன்டி?"

"மகனுக்கு."

"எங்க நோவு?"

நான் திரும்பவும் தட்டையே பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துட்டு, ஒரு முழு ஆம்பிளை உருவம் இருந்த தகட்டை எடுத்து நடுவுல வச்சாரு. "எங்கன்னு சொல்லத் தோணாதவங்க இதை வாங்குவாங்க. தலையில இருந்து காலுவரைக்கும் எல்லாம் இதுல அடங்கும்"னாரு. எவ்வளவு நல்ல மனுசன் பாருங்க. ஆனா அதை வாங்கினா, சொல்ல முடியாத இடம்னு அவருக்குத் தெரிஞ்சிடுமேன்னு என் புத்தி போச்சு.

"இல்லண்ணே, வயிறுதான்"னு சொல்லிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அந்த வெள்ளி வயித்தை எடுத்துக்கிட்டு நம்ம கோயிலுக்கு வந்தேன். அர்ச்சனைத் தட்டை வாங்கின ஐயர், "பேரு, நட்சத்திரம்?"னாரு. குணசேகரன், அனுஷம்னேன். "என்னம்மா குறை?"ன்னாரு. வயிறு, சாமின்னேன். அவர் தகட்டை அம்மா பாதத்துல வச்சு, குணசேகரனுக்கு வயித்து நோய் தீரணும்னு கணீர்னு சங்கல்பம் செஞ்சாரு. கும்பிட்டுக்கிட்டு நின்ன எனக்கு அப்பத்தான் சுருக்குன்னுச்சு. ஐயர் வாயிலயும் பொய்யை வச்சிட்டேனே.

இருந்தாலும் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். அம்மாவுக்குத் தெரியாததா, வயித்துக்குக் கீழதானே, அவளே பார்த்துக்குவான்னு.

செவ்வாய்க்கிழமை. குணா சீக்கிரமே வந்துட்டான். சமையல்கட்டு மேசையில அரசாங்க கிளினிக் மருந்துப் பை கிடந்துச்சு. போயிட்டானா, காட்டிட்டானா!

"என்ன மருந்து தம்பி?"

"ஒண்ணும் இல்ல மா. வயிறு. காஸ்ட்ரிக்காம்."

வெள்ளை மாத்திரையும், சுண்ணாம்புத் தண்ணி மாதிரி ஒரு போத்தலும் இருந்துச்சு. சிரிக்காதீங்க, அப்ப நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அம்மா நோயைத் தூக்கி வயித்துக்கு மாத்திட்டான்னு நினைச்சேன். நான் கேட்டதைக் குடுத்துட்டா! அன்னைக்குச் சாயந்திரம் பாயசம் வச்சேன். அவன், "என்ன விசேஷம்?"னான். ஆடி மாசம்டான்னேன்.

அந்தப் பாயசக் கிண்ணத்தோட அவன் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினான். கொஞ்ச நேரத்துல கதவுக்குப் பின்னால மெதுவா அதே டாக்டர் குரல். வலி இல்லாத கட்டின்னா.

எனக்கு எல்லாம் விளங்கிடுச்சு. நோய் எங்கேயும் மாறல. அவனும் கிளினிக் கவுண்டர்ல நின்னு வயிறுன்னுதான் சொல்லியிருக்கான். டாக்டரும் பாவம், சொன்ன இடத்துக்கு மருந்து குடுத்துட்டாரு. நானும் அவனும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. ஒரே வாரத்துல, அவன் அங்க, நான் இங்க, ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கோம். எனக்கு மயிர்க்கால் எல்லாம் நட்டுக்கிச்சு. அம்மா என் எதிர்ல ஒரு கண்ணாடியைக் கொண்டாந்து வச்ச மாதிரி இருந்துச்சு. நீ என்கிட்ட என்ன சொன்னியோ அதையேதான் உன் பிள்ளையும் டாக்டர்கிட்டச் சொன்னான், பாருன்னு. பயம் வந்துடுச்சு. கோவில் சாமான் விழுந்து உடைஞ்சா வருமே, அந்த மாதிரி பயம்.

மூணு நாள் அவன் அந்தச் சுண்ணாம்புத் தண்ணியைக் குடிச்சான். மூணு நாளும் நான் பார்த்துக்கிட்டே நின்னேன். இந்தப் பாவத்தையும் எழுதிடறேன்.

ஆடி ரெண்டாம் வெள்ளி. காலையில பத்து மணிக்குப் பாலபிஷேகம். உங்கள்ல நிறைய பேரு அன்னைக்கு இருந்தீங்க. நான் வழக்கம்போல பின்னால நிக்காம முண்டியடிச்சு முன்வரிசைக்குப் போனேன். தட்டு இல்ல, தேங்காய் இல்ல, வெறுங்கை. அம்மா தலையில பால் இறங்குது. மேளம் காதைப் பிளக்குது. யாருக்கும் கேட்காதுங்கற தைரியத்துல கண்ணை மூடிக்கிட்டு வாயைத் திறந்தேன்.

"தாயே, வயிறு இல்ல. போன வாரம் உன்கிட்டப் பொய் சொன்னேன். என் பிள்ளைக்கு விதையில கட்டி. அவன் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கிறான். எனக்கும் வாய் வரல. நோயைத் தீர்த்து வைன்னு இப்ப நான் கேட்கல. எங்க ரெண்டு பேருக்கும் வாயைக் குடு. விதையில கட்டி, தாயே, விதையில கட்டி."

கண்ணை மூடியிருந்தவளுக்கு மேளம் நின்னது தெரியல. கடைசியாச் சொன்னது நிசப்தத்துல போய் விழுந்துச்சு.

பக்கத்துல நின்னவங்களுக்குக் கேட்டிருக்கும். அன்னைக்கும் சரி, இன்னைவரைக்கும் சரி, யாரும் என்கிட்ட அதைப் பத்திக் கேட்டதில்ல. ஒரு கை மட்டும் என் முதுகுல வந்து நின்னுச்சு. திரும்பிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. யாரா இருந்தாலும் அந்தக் கைக்கு என் கும்பிடு.

நேரா வீட்டுக்கு நடந்தேன். ஃபிளாட்டுக்குக் கீழ அவன் மோட்டார் சைக்கிள் நிக்குது. வேலை நேரம். மேல ஏறினா, வேலைச் சட்டையோட சமையல்கட்டுல உட்கார்ந்திருக்கான்.

"என்னடா, வேலைக்குப் போகலையா?"

"போனேன் மா. ஒரு பேலட் சரக்கைத் தூக்கி மேல வச்சேன். அதுக்கப்புறம் கையும் ஓடல, காலும் ஓடல. வண்டியிலேயே உட்கார்ந்துட்டேன். சூப்பர்வைசர் கீழ இருந்து, 'டேய் குணா, மேல என்ன மாடி வீடா கட்டுற?'ன்னு கத்துறாரு. வீட்டுக்குப் போகணும் போல இருந்துச்சு. உடம்பு முடியலன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"எத்தனை மணி இருக்கும்?"

"பத்தே கால், பத்தரை. ஏன் மா?"

கோயில்ல மேளம் நின்னது அந்த நேரம்தான். நான் கேட்டு முடிக்கலையே, அதுக்குள்ள போர்ட் கிள்ளான்ல இருந்தவனை எழுப்பி என் முன்னால கொண்டாந்து உட்கார வச்சிருக்கா. இனி என் பங்கு.

"குணா, உனக்கு விதையில கட்டி இருக்கு. எனக்குத் தெரியும்டா. எந்தப் பக்கம்?"

அவன் என்னையே பார்த்தான். ஆறு வயசுல காய்ச்சல்ல பார்த்தானே, அந்தப் பார்வை.

"வலது" அப்படின்னான். அப்புறம் மேசையில தலையைக் கவுத்துட்டு அழுதான். அவங்கப்பா சாவுலகூட அவன் அப்படி அழல. ரெண்டு மாசமா இருக்காம். முதல்ல கடலை அளவு, இப்ப அதைவிடப் பெருசு. வலியே இல்லையாம். போனா வெட்டி எடுத்துடுவாங்க, அப்புறம் எவ கட்டிக்குவான்னு பயம். பொம்பளை டாக்டரா இருந்தா எப்படிக் காட்டறதுன்னு வெக்கம். கிளினிக்குக்குப் போயும், கவுண்டர்ல கேட்டதும் வாயில வயிறுன்னு வந்துடுச்சாம்.

"எனக்கும் அப்படித்தான்டா வந்துச்சு"ன்னேன். அவனுக்குப் புரியல. பிரிக்ஃபீல்ட்ஸ் போனதையும் தகடு வாங்கினதையும் சொன்னேன். அழுதுக்கிட்டே இருந்தவனுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "ஐயோ மா, ரயில் ஏறிப் போயா பொய் சொன்ன?"ன்னான். "உனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டான்.

"உன் போன்ல ஒரு டாக்டர் தொண்டை கிழியக் கத்துறாரே, இந்த ஃபிளாட்டுக்கே தெரிஞ்சிருக்கும்"னேன்.

திங்கக்கிழமை ரெண்டு பேருமாப் போனோம். அதே கிளினிக், நம்பர் எடுத்து உட்கார்ந்தோம். பெஞ்சு முழுக்க ஆளுங்க. கவுண்டர்ல இருந்த மலாய்க்காரப் பொண்ணு என்ன நோவுன்னு கேட்டுச்சு. அவன் நின்னான். நான் எந்திரிச்சேன், மலாய்ல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியாட்டியும் எந்திரிச்சேன். அதுக்குள்ள அவனே சொல்லிட்டான், பெஞ்சுவரைக்கும் கேட்கிற மாதிரி. அந்தப் பொண்ணு தலையைக்கூட நிமிர்த்தல. எழுதிக்கிட்டு, உட்காருங்கன்னு சொல்லிடுச்சு. இதுக்கா ரெண்டு மாசம்!

உள்ள பார்த்தா, அவன் பயந்த மாதிரியே பொம்பளை டாக்டர். முக்காடு போட்ட சின்னப் பொண்ணு, என் பேத்திக்கு அக்கா மாதிரி. நான் திரைக்கு இந்தப் பக்கம் கந்த சஷ்டியைப் பாதியில விட்டுட்டு, "அம்மா, அம்மா"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தேன். வெளியே வந்து அந்த டாக்டர் என் கையைப் பிடிச்சு, "ஜாங்கான் தாக்குட், ஆன்டி"ன்னாங்க. பயப்படாதீங்கன்னு அர்த்தம். ஆனா அவங்க அன்னைக்கே கடிதம் எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி நாள் வாங்கிக் குடுத்த வேகத்தைப் பார்த்து, பயப்பட வேண்டியதுதான்னு எனக்கு விளங்கிடுச்சு.

ஸ்கேன் எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. ஆடி முடியறதுக்குள்ள ஆபரேஷன். வலது பக்கத்தை எடுத்துட்டாங்க. வெட்டினது எங்க தெரியுமா? கீழ இல்ல. அடிவயித்துல கோடு மாதிரி கீறி அது வழியா எடுத்திருக்காங்க. அந்த இடத்துல போட்டிருந்த துணிக்கட்டைப் பார்த்ததும் நான் ஆஸ்பத்திரின்னுகூடப் பார்க்காம கையெடுத்துக் கும்பிட்டேன். "நான் தப்பா வச்ச வயித்தையும் அம்மா தள்ளி விடலடா, பார்த்தியா, அங்கேயே வழி வச்சிருக்கா"ன்னேன்.

குணா வலியிலயும், "அம்மா, எல்லாருக்கும் அங்கதான் வெட்டுவாங்களாம்"னான்.

வெட்டட்டும். நான் கும்பிட்டது கும்பிட்டதுதான்.

ரெண்டு வாரம் கழிச்சு முடிவு சொன்னாங்க. புத்துநோய்தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது அடைச்சுப் போச்சு. டாக்டர் பேசிக்கிட்டே போறாரு, நான் அவர் வாயை மட்டும் பார்க்கிறேன். குணாதான் என் தோளை உலுக்கி, "மா, பரவல மா. வேற எங்கேயும் போகல. அதோட முடிஞ்சதாம்"னான். சரியான நேரத்துல வந்தீங்கன்னு டாக்டர் சொன்னாராம். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் கேட்டேன். அவர் பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "வந்துட்டீங்களே ஆன்டி"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

இப்பவும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தமும் ஸ்கேனும் பார்க்கிறாங்க. இதுவரைக்கும் சுத்தமா இருக்கு. ஒண்ணு இருந்தாலே போதும், பிள்ளை குட்டிக்குக் குறை இல்லன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பெண் பார்க்க ஆரம்பிச்சிருக்கோம். பொண்ணு வீட்டுல முதல் நாளே இதைச் சொல்லிடணும்னு அவனே சொல்லிட்டான்.

என்னைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். எனக்கும் பொம்பளைங்களுக்கு வர்ற தொந்தரவு ஒண்ணு பதினோரு வருஷமா இருந்துச்சு. கர்ப்பப்பை இறங்கியிருந்துச்சு. என் வீட்டுக்காரர்கிட்டக்கூடச் சொல்லாம துணியை மடிச்சு வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். போன மாசம் அதே கிளினிக்குக்குப் போய், அதே டாக்டர் பொண்ணுகிட்ட, எங்க, என்னன்னு பேர் சொல்லிக் காட்டினேன். குணா வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருந்தான். அவங்க வைத்தியம் பார்த்ததுல இப்ப என்னால கோயிலை மூணு சுத்து சுத்தி வர முடியுது.

ராத்திரி படுக்கும்போது நினைச்சுப் பார்த்தா இன்னமும் உடம்பு சிலிர்க்குது. நான் நோயைத் தீர்க்கச் சொல்லிக் கேட்டப்போ அம்மா அசையாம நின்னா. வாயைக் கேட்டேன், மேளம் ஓயறதுக்குள்ள குடுத்துட்டா. எத்தனை வருஷமா அவ எதிர்ல நிக்கிறேன், அவ இவ்வளவு பக்கத்துல இருக்கிறது எனக்குத் தெரியாமப் போச்சே.

தாய்மாருங்களே, உங்க வீட்டுலயும் பிள்ளையோ புருஷனோ சொல்லாம வச்சிருக்கலாம். நீங்களே வச்சிருக்கலாம். அம்மாகிட்டப் போங்க. சுத்தி வளைக்காதீங்க, அவகிட்ட எந்த உறுப்புக்கும் வெக்கம் இல்ல, எல்லாம் அவ செஞ்சதுதான். அவகிட்டச் சொன்ன அதே சொல்லை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்டப் போங்க. அவ கூடவே வருவா. எனக்கு வந்தா.

தலைவி அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். எந்த மாசம் எந்த ஸ்கேன், நோய்க்கு டாக்டர் சொன்ன பேரு, இதெல்லாம் எனக்கு முன்னே பின்னே ஆகியிருக்கும். அச்சுக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி குணாகிட்டக் கேட்டுச் சரி பார்த்துடுங்க. ஞாயித்துக்கிழமை அன்னதானத்துல அவன்தான் சாம்பார் ஊத்துவான். தனியாக் கூப்பிட்டுக் கேட்கணும்னு இல்ல, பந்தியில வச்சே கேளுங்கன்னு சொல்லிட்டான். வலது பக்கம்னு எழுதியிருக்கேன். அதை மட்டும் ரெண்டு தரம் கேட்டுக்குங்க.